மூன்றாம் நம்பர் பூட்டு

எங்கள் சப்ஸ்டேஷனுக்குப் புது இயந்திரங்கள் கப்பலில் வந்து இறங்கியபோது அவற்றோடு பன்னிரண்டு சிவப்புப் பூட்டுகளும் வந்தன. மின்சார இலாகாவைப் புதுப்பிக்க ஒரு வெளிநாடு உதவி செய்தது. அந்தத் திட்டத்து ஜீப்புக்கு நான் டிரைவர். துறைமுகத்திலிருந்து லாரிகளுக்கு முன்னால் ஓட்டி வந்தவனும் நான், பெட்டிகளை இறக்கும்போது கை கொடுத்தவனும் நான். ஆகவே இந்த விஷயத்தில் எனக்குத் தெரியாதது என்று அதிகம் இல்லை. தெரிந்துகொண்டு என்ன கிழித்தேன் என்பது வேறு.

குவார்ட்டர்ஸில் எனக்கு அடுத்த வீடு லைன்மேன் அணிலுடையது. கம்பத்தில் அவன் ஏறுகிற வேகத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவனை இன்னொரு பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பெண்டாட்டி, ஐந்து வயசில் ஒரு பெண் குழந்தை. பெண்டாட்டி யாரென்றால் எங்கள் சப்ஸ்டேஷன் ஆபரேட்டரின் கூடப் பிறந்த தங்கை.

இந்தக் கல்யாணம் நடந்ததற்குக் காரணம் ஒரு கைப்பிடி. பழைய சப்ஸ்டேஷனில் ஊர்களுக்கும் தண்ணீர் பம்புகளுக்கும் பிரிந்து போகிற லைன்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் ஃபீடர் என்பார்கள். ஃபீடருக்கு ஒன்றாக ஆள் உயரத்தில் இரும்புப் பெட்டிகள். பெட்டியில் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் உள்ளே ஸ்பிரிங் முறுக்கேறி, சுவிட்ச் மூடி, கரண்ட் போகும். லைனில் வேலைக்குப் போகிறவன், ஆபரேட்டர் கரண்டை நிறுத்தியதும், அந்தக் கைப்பிடியைக் கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிள் ஏறிவிடுவான். வேலை முடிந்து அவனே திரும்பி வந்து ஆபரேட்டரின் மேசைமேல் வைக்கிற வரைக்கும் யார் தலைகீழாக நின்றாலும் அந்த லைனில் கரண்ட் வராது. பெர்மிட் என்று ஒரு காகிதமும் உண்டு. அதை மாசக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதித் தள்ளுவார்கள். நாற்பது வருஷத்தில் அங்கே ஒருத்தனும் கரண்ட் அடித்துச் சாகவில்லை.

கைப்பிடியை வாங்கிக்கொண்டு போவதிலும் திருப்பிக் கொண்டுவந்து வைப்பதிலும் ஒரு மனுஷன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிடும் என்பார் ஆபரேட்டர். அணிலை ஏழு வருஷம் அப்படிப் பார்த்துவிட்டுத்தான் தங்கையைக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை, மச்சான் என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஓயாமல் கேலி செய்துகொள்வார்கள். கைப்பிடி கை மாறும்போது மட்டும் பேச மாட்டார்கள்.

புதுப் பெட்டிகள் வந்தன. சாம்பல் நிறம், பொத்தான்கள், சின்னச் சின்ன விளக்குகள். வெளிநாட்டிலிருந்து ஒரு ஆலோசகர் வந்து இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார். வெயில் இல்லாத இடத்திலும் வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார், அதனால் வெள்ளைத்தொப்பி என்று பெயராயிற்று. தகரக் கொட்டகையில் பயிற்சி. பழசைக் கழற்றியாகிவிட்டது, புதுசு இன்னும் ஓடவில்லை, எனவே ஃபேன் கிடையாது. எல்லோரும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பிஸ்கட் தின்றார்கள். மொழிபெயர்க்க வந்த அம்மா தொண்டை வறளப் பேசினார். இனி சுவிட்சைப் பெரிய நகரத்திலிருந்தே கம்ப்யூட்டரில் மூடலாம், திறக்கலாம். பெட்டிக்கு ஒரு குமிழ் உண்டு. அதை 'இங்கே' என்று திருப்பி வைத்தால் நகரத்திலிருந்து ஒன்றும் செய்ய முடியாது. லைனில் ஆள் இருக்கும்போது குமிழை 'இங்கே' என்று திருப்பி, அதன்மேல் சிவப்புப் பூட்டைப் போட்டு, சாவியை வேலைக்குப் போகிறவன் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டார் வெள்ளைத்தொப்பி. ஒருவருக்கும் இல்லை.

சந்தேகம் இல்லாததற்குக் காரணம், புதுப் பெட்டியிலும் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருந்தது. அதைக் கண்டதும் எங்கள் ஆட்களுக்கு உயிர் வந்தது. அது எதற்கு என்றும் அந்த அம்மா சொன்னார்: ஸ்பிரிங்கை இனி மோட்டாரே முறுக்கிவிடும், மோட்டார் கெட்டுப்போனால் மட்டும் கையால் முறுக்க அந்தக் கைப்பிடி. அதை யாரும் காதில் வாங்கவில்லை. பெட்டி இருக்கிறது, கைப்பிடி இருக்கிறது, இடுப்பு இருக்கிறது. எட்டு மாசம் அப்படியே ஓடிற்று. நகரத்துக் கம்ப்யூட்டர் இன்னும் இணைக்கப்படாததால் பொத்தானை அமுக்குகிறவர் ஆபரேட்டர் ஒருவர்தான். கைப்பிடி மேசைக்கு வராமல் அவர் அமுக்க மாட்டார். ஆக, வழக்கம் பலித்துக்கொண்டே இருந்தது.

பூட்டுகள் சப்ஸ்டேஷன் சுவரில், நம்பர் போட்ட கொக்கிகள் உள்ள போர்டில் சும்மா தொங்கின. அப்படி ஒரு பூட்டை எங்கள் பக்கத்தில் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. முதலில் ஸ்டோர்கீப்பர் தன் பெட்டிக்கடைக்கு ஒன்று கொண்டுபோனார். அப்புறம் ஒவ்வொன்றாக வீடு, சைக்கிள், தண்ணீர்த் தொட்டி மூடி என்று போய்ச் சேர்ந்தன. ஏழாம் நம்பர் என் கோழிக்கூண்டில் தொங்கியது. மூன்றாம் நம்பர் அணில் வீட்டுக் கதவில்.

நகரத்துக் கட்டுப்பாட்டு அறையைத் திறந்துவைக்கும் நாள் வந்தது. அன்று முதல் நகரத்திலிருந்தும் சுவிட்ச் இயக்கப்படும் என்று ஒரு சர்க்குலர் முன்கூட்டியே வந்திருந்தது. ஆபரேட்டர் படித்தார், கையெழுத்துப் போட்டார், கோப்பில் கோத்தார். அன்று காலை தண்ணீர் பம்புக்குப் போகிற மூன்றாம் ஃபீடர்மேல் ஒரு கிளை முறிந்து விழுந்திருந்தது. அணிலின் பெண்டாட்டி படுத்த படுக்கையாய்க் கிடக்கும் தாயைக் குளிப்பாட்டக் குழந்தையோடு விடியும்போதே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அணில் சோறு வடித்து வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சப்ஸ்டேஷனுக்குப் போனான். கைப்பிடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டான்.

நான் அப்போது இரண்டு மணி நேரத் தொலைவில், அந்த நகரத்து அறையில், தண்ணீர் பாட்டில் பெட்டியோடு கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். சுவர் முழுக்கத் திரை. கரண்ட் ஓடும் லைன் எல்லாம் சிவப்பு, நிறுத்தியது பச்சை. நடுவில் ஒன்றே ஒன்று பச்சை. திறந்துவைக்க வந்த மந்திரி அதைக் காட்டி, அது மட்டும் ஏன் அப்படி என்று சிரித்தபடி கேட்டார். எங்கள் பெரிய இன்ஜினியருக்கு முகம் செத்துவிட்டது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், போன் பண்ணிக் கேட்கிறேன் சார் என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள். பெரிய இன்ஜினியர் பொறுக்கவில்லை. அவள் தோளுக்கு மேலே குனிந்து தானே மௌஸைப் பிடித்து அமுக்கினார். பச்சை சிவப்பாயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினேன். நாலைந்து விநாடியில் அது மறுபடி பச்சையானதை யாரும் கவனிக்கவில்லை, எல்லோரும் போட்டோவுக்குத் திரும்பியிருந்தார்கள்.

அணிலைக் கம்பத்திலிருந்து இறக்க ஏணி கொண்டுவர வேண்டியிருந்ததாம். நான் திரும்பி வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கைப்பிடி அப்போதும் இடுப்பில்தான் இருந்தது என்றார்கள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் இறங்கியது.

அடக்கம் முடிந்து மூன்று நாளாகியும் அணிலின் பெண்டாட்டியால் தன் வீட்டுக்குள் போக முடியவில்லை. சாவி அவன் சட்டைப் பையோடு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவன் உடம்பில் இருந்த பொருள்களைக் கவரில் போட்டு, சீல் வைத்து, பெரிய இன்ஜினியருக்கு அனுப்பிவிட்டார்கள். மாற்றுத் துணிகூட இல்லாமல் அண்ணியின் புடவையைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

விசாரணை என்றார்கள். பெரிய இன்ஜினியரே விசாரிப்பார், வெள்ளைத்தொப்பி உடனிருப்பார். உதவியின் அடுத்த கட்டம் வெள்ளைத்தொப்பியின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது, அதனால் அவசரம். ஜீப்பில் இவர்கள் பேசுவதெல்லாம் என் காதில் விழும். டிரைவருக்குக் காது உண்டு என்பது பெரிய மனுஷர்களுக்கு நினைவிருப்பதில்லை. பூட்டைப் போடாமல் விட்டது யார் என்பதில்தான் அத்தனையும் நின்றது. இறந்தவன்மேல் தப்பில்லை என்றால் அவன் பெண்டாட்டிக்கு இலாகாவில் வேலை, குவார்ட்டர்ஸும் அவளுக்கே. தப்பு அவனுடையது என்றால் முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

விசாரணைக்கு முந்தின சாயங்காலம் இதை அவளிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கை நின்றது. அண்ணன்மேல் தப்பு என்றானால் என்ன ஆகும் என்று கேட்டாள். வேலை போகும், கேஸும் வரலாம் என்றேன். மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

பூட்டுகளை எண்ணப் போகிறார்கள் என்ற செய்தி அன்றே குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவிவிட்டது. இருட்டுவதற்குள் கடை, சைக்கிள், தொட்டி எல்லாவற்றிலிருந்தும் பூட்டுகள் கழன்றன. நானும் கோழிக்கூண்டைக் கயிற்றால் கட்டிவிட்டு ஏழாம் நம்பரைக் கொண்டுபோய் மாட்டினேன். எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொண்டுவந்தவர்களும் உண்டு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோரும் எடுத்தோம் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லியிருந்தால் அது இலாகாவின் தப்பாகியிருக்கும். அது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. போர்டில் பதினொன்று தொங்கின.

காலையில் அணில் வீட்டு வாசலில் அராவுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். ஆபரேட்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பூட்டை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் ரத்தம்.

"மூணு பிளேடு ஒடிஞ்சு போச்சு. ஒரு கோடுகூட விழல," என்றார் நிமிராமல்.

"விடுங்கண்ணே. கதவையே பேத்துப் பார்ப்போமா?"

"பேத்தா, ஏன் பேத்தேன்னு கேப்பாங்க." ரம்பத்தைக் கீழே வைத்தார். "இத அவளுக்குக் குடுத்தது நான்தான். தெரியுமா உனக்கு?"

தெரியாது என்றேன்.

"எவனோ வீடு பூந்து பாத்திரத்த எல்லாம் தூக்கிட்டுப் போனானே, அப்ப அழுதுக்கிட்டு வந்து நின்னா. போர்டுல சும்மாதானே தொங்குதுன்னு எடுத்துக் குடுத்தேன். மாப்பிள்ளைதான் வேணாம்னான். நம்பர் போட்ட சாமான் மச்சான், வம்பா முடியும்னான். நான் சிரிச்சேன். நம்மகிட்டதான் கைப்பிடி இருக்கேடான்னேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பூட்டுகூட வேணாம்ப்பா. அந்தக் குமிழத் திருப்பி வச்சிருந்தா போதும். கைக்கு எட்டுற தூரம். அவன் இடுப்புல கைப்பிடி இருக்குன்னு நான் பாட்டுக்கு நிம்மதியா டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். என் கண்ணெதிர்லயே அது மூடுது. யாரும் தொடல. டக்குன்னு ஒரு சத்தம். எழுந்து போய் நிறுத்துறதுக்குள்ள முடிஞ்சு போச்சு." ரம்பத்தை மறுபடி கையில் எடுத்தார். "அங்க எவன் அமுக்கினான்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். பெரிய இன்ஜினியர் கையெழுத்துப் போட்டால்தான் என் வேலை அடுத்த வருஷமும் ஓடும். வீட்டில் டீ போடச் சொல்லவா அண்ணே என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

பத்து மணிக்கு வந்தார்கள். போர்டில் பளபளவென்று தொங்கிய பூட்டுகளைப் பார்த்து வெள்ளைத்தொப்பிக்கு முதலில் சந்தோஷம். எண்ணிக்கொண்டே வந்து மூன்றாம் நம்பர் கொக்கியில் நின்றார். அது எங்கே என்றார். ஸ்டோர்கீப்பர்தான் வாயைத் திறந்தார், அது லைன்மேன் வீட்டுக் கதவில் தொங்குகிறது சார் என்று. தன் பெட்டிக்கடையை நேற்று வரை பூட்டிவைத்த பூட்டுக்குக் கீழே நின்றுகொண்டு அதைச் சொன்னார். எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது. என்னையும் சேர்த்துத்தான்.

குவார்ட்டர்ஸுக்கு நடந்தோம். அவளைக் கூட்டி வந்தார்கள். பெரிய இன்ஜினியர் கவரை அவளிடம் நீட்டினார். சீலைப் பிரித்தாள். கைப்பிடி, சீப்பு, பாதி சிகரெட் பாக்கெட், சாவி. சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு கவரை இடுக்கிக்கொண்டாள். ஆபரேட்டர் மூன்று பிளேடு ஒடித்த பூட்டு அவள் கையில் ஒரு திருகலில் திறந்தது.

உள்ளே அடைத்துக் கிடந்த நாற்றம் முகத்தில் அடித்தது. அவன் வடித்து வைத்த சோறு பானையில் பூத்துக் கிடந்தது, சுவரோரமாக எறும்புச் சாரை. கொடியில் அவன் துண்டு விறைத்துக் காய்ந்திருந்தது. அவள் பானையை மூடினாள். ஜன்னலைத் திறந்தாள். இருந்த இரண்டு நாற்காலியையும் முந்தானையால் துடைத்துப் போட்டு, உட்காருங்க என்றாள். துக்க வீட்டில் உபசாரத்தை எதிர்பார்க்காத வெள்ளைத்தொப்பி தடுமாறிப்போய் உட்கார்ந்தார். முதல் தடவையாக ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மொழிபெயர்க்கும் அம்மாதான் பேசினார். உங்கள் இழப்புக்கு வருந்துகிறார், இனி இன்னொருவருக்கு இப்படி நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் கேட்கிறார், இந்தப் பூட்டை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது யார் என்று. அதோடு தன் பங்குக்குக் குரலைத் தாழ்த்தி, யோசிச்சுச் சொல்லுங்கம்மா என்றும் சேர்த்துக்கொண்டார். பெரிய இன்ஜினியர் பேனாவைத் திறந்தார்.

ஆபரேட்டர் ஜன்னலோரம் நின்றிருந்தார். விரல்களில் துணி சுற்றியிருந்தது. தொண்டையைச் செருமினார். சொல்லத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. "சார், அது வந்து..." என்றார்.

"அவருதான் கொண்டு வந்தாரு," என்றாள் அவள்.

"யாரு? உங்க வீட்டுக்காரரா?" என்றார் பெரிய இன்ஜினியர்.

"ஆமா."

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா திட்டுவாருன்னு அவரு சொல்லவே இல்ல."

"அம்மாடி..." என்றார் ஆபரேட்டர்.

"நீ சும்மா இரு. என் வீட்டுல நடந்தது எனக்குத்தான் தெரியும்."

அந்த அம்மா மொழிபெயர்த்தார். வெள்ளைத்தொப்பி ஆபரேட்டரின் விரல்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று இவருக்குத் தெரியுமா என்று கேட்கச் சொன்னார். தெரியும் என்று தலையாட்டினாள். வெள்ளைத்தொப்பி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மெத்தப் படித்தவர், கேட்க வேண்டியது இன்னும் பாக்கி இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கும். திட்டம் நிற்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்கும்.

பெரிய இன்ஜினியர் எழுதினார். பாதுகாப்புச் சாதனத்தை லைன்மேன் சொந்த உபயோகத்துக்கு எடுத்துச் சென்றதால் நேர்ந்த விபத்து. அழகான கையெழுத்து. அன்று மௌஸைப் பிடித்த அதே கை. அவள் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். ஆபரேட்டரிடம் நீட்டினார்கள். அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் போட்டார். இரண்டாவது சாட்சிக்குச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். பேனா ஆபரேட்டரின் விரல் ரத்தத்தில் பிசுபிசுத்தது. நானும் போட்டேன்.

அவர்கள் பூட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். வண்டியை எடுக்கத்தான் நானும் போயிருக்க வேண்டும். நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன்.

அவள் பானையை முற்றத்துக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். ஆபரேட்டர் நின்ற இடத்திலேயே சரிந்து உட்கார்ந்தார். ஐம்பதை நெருங்கும் மனுஷன் சத்தம் போட்டு அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நான் போய் உண்மையச் சொல்லிடறேன். இப்பவே ஓடிப்போய்ச் சொல்லிடறேன்," என்றார்.

"என்னத்தச் சொல்லுவ?" அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "செத்தவர வேலைய விட்டுத் தூக்க முடியாது. உன்னத் தூக்க முடியும். படுக்கையில கிடக்குற அம்மாவ யாரு பார்ப்பா? உன் புள்ளைங்கள யாரு பார்ப்பா? எனக்கும் பாப்பாவுக்கும் நாளைக்குப் போறதுக்கு உன் வீட்ட விட்டா வேற எந்த வீடு இருக்கு?"

"உனக்கு வேலை கிடைச்சிருக்குமே, அம்மாடி."

"அதுல இத்தன வயித்த நிரப்ப முடியுமா? ராத்திரி பூரா கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்."

அவர் தலையை முழங்காலில் முட்டிக்கொண்டார். இனிமேல் அந்தப் பெட்டிக்கு முன்னால் போய் நிற்க முடியாது, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு எங்கேயாவது மண் சுமக்கிறேன் என்று புலம்பினார். அவள் எழுந்து வந்தாள். கை முழங்கை வரைக்கும் சாம்பல். அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரு சாமான்கூட அடுத்தவங்களுது எடுக்காதவரு. பூட்டு வேணாம்னு சொன்னவரு. அவர நான் என் வாயால திருடனாக்கியிருக்கேன்," என்றாள். "நாளைக்குக் காலையில நீ டூட்டிக்குப் போகணும். நீ போகலேன்னா அது வீணாப் போயிடும்."

வெளியே பெரிய இன்ஜினியர் ஜீப்பின் ஹாரனை அடித்தார். நான் போனேன்.

மறுநாள் ஆறு மணி ஷிஃப்டுக்கு ஆபரேட்டர் கிளம்பி வந்து தெருவில் நின்றார். கையில் தங்கை கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பை. நான் வண்டியை நிறுத்தினேன், ஏறிக்கொண்டார். சப்ஸ்டேஷன் வாசலில் இறங்கி உள்ளே போனார். நகரத்தில் அமுக்கியது யார் என்று அன்றும் நான் அவரிடம் சொல்லவில்லை.